அசலின் அறியாமை

மேஜைமேல் இரண்டு புகைப்படங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே கார் என்றுதான் யாரும் சொல்வார்கள். 1941ம் வருஷத்து வில்லிஸ் கூப்பே. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்சக்கரங்களின்மேல் கனத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. பக்கவாட்டில் 'ஸ்டோன், வுட்ஸ், குக்' என்று மூன்று பெயர்கள். காருக்கும் ஒரு பெயர் உண்டு: ஸ்விண்ட்லர், மோசடிக்காரன். ஒரு படம் 1960களில் எடுத்தது. கறுப்பு வெள்ளை, சற்றே கலங்கல். மற்றது சமீபத்தியது. அதில் நீலம் கண்ணைப் பறிக்கிறது. அந்த நீலக் கார் நகல். "மோசடிக்காரனை நகல் செய்தால் அது மோசடியா, விசுவாசமா?" என்று கேட்டுவிட்டு நண்பர் ஒருவர் சிரித்தார். எனக்கு இது சிரித்துத் தள்ளிவிடும் விஷயமாகப் படவில்லை.

கவிதைக்கும் விமர்சனத்துக்கும் ஏற்பட்ட பக்கங்களில் காருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அசல் எது, போலி எது என்ற கேள்வியை இலக்கியத்தில் வைத்துப் பேசும்போது நாம் எல்லோருமே வெகு சீக்கிரம் மூட்டத்துக்குள் போய்விடுகிறோம். ஆன்மா என்கிறோம், தரிசனம் என்கிறோம், எதிராளி வாயடைத்துப் போகிறான். இரும்பை வைத்துப் பேசினால் அந்தச் சௌகரியம் கிடையாது. பற்றவைத்த இடம் தெரியும். துளை போட்ட இடம் தெரியும்.

டிராக் பந்தயம் என்பது கால் மைல் நேர்த் தடத்தில், அதாவது 1320 அடியில், இரண்டு கார்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு ஒன்றை ஒன்று முந்துவது. வளைவு கிடையாது. சுற்றி வருவது கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டித் தெற்குக் காலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்களைப் பிடித்த வேகப் பித்து, பிறகு விமானத் தளங்களின் ஓடுபாதைகளுக்கு வந்து இந்த உருவம் எடுத்தது. 1951ல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார். பித்துக்கு விதிகள் வந்தன. அந்த விதிகளில் ஒரு பிரிவு காரின் எடைக்கும் எஞ்சினின் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தை வைத்து கார்களைத் தரம் பிரித்தது. ஜீப்பைச் செய்த அதே வில்லிஸ் கம்பெனியின் சின்ன கூப்பே இப்படித்தான் உள்ளே வந்தது. எடை குறைவு, விலை மலிவு, பெரிய எஞ்சினைத் திணிக்க இடம் உண்டு. அழகுக்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. மூக்கு உயர்ந்து நிற்பதும் அழகுக்காக அல்ல. புறப்படும் கணத்தில் கனம் பின்சக்கரங்களுக்குப் போய்ப் பிடிப்பு கிடைக்கவேண்டும் என்பதற்காக. இன்று அந்த உயர்ந்த மூக்கு ஒரு மோஸ்தர். இரும்பு உடல்கள் அரிதாகிவிட்டபடியால் கண்ணாடியிழையில் வார்த்த வில்லிஸ் உடல்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. என் இரண்டாவது புகைப்படத்தின் கார் அப்படி ஒன்று.

நம்மிடம் இதற்குச் சொற்கள் நிறைய. அசலும் நகலும் அரபியிலிருந்து வந்தவை. நகல் என்பதற்கு அங்கே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது என்றும் பொருள். போலி என்றால் வசவு என்று நினைக்கிறோம். இலக்கணக்காரனுக்கோ அது வசவு அல்ல. ஓர் எழுத்து இருந்த இடத்தில் வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்த பின்னும் பொருள் மாறாமல் இருந்தால் அதற்குப் போலி என்று பெயர். அறம் என்பதை அறன் என்று எழுதினால் யாரும் ஏமாற்று என்று கூச்சல் போடுவதில்லை. இந்தப் பந்தயக்காரர்களிடமும் ரெஸ்டரேஷன், ரீக்ரியேஷன், க்ளோன், ட்ரிப்யூட் என்று சொற்கள் உண்டு. எந்தக் காருக்கு எந்தச் சொல் என்பதில் அவர்களுக்குள் பெரிய சண்டை. சண்டையின் ஒரு பாதி பணம். 1969ல் ஷெவர்லே செய்த ஸெட்எல்-1 எஞ்சின் கமாரோ கார்கள் மொத்தம் 69தான். 1964ல் ஃபோர்டு செய்த தண்டர்போல்ட் 100. எண்ணிக்கை இப்படியிருக்க, சாதாரணக் காரை எடுத்து அப்படி மாற்றி அசல் என்று விற்பவன் திருடன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கு அக்கறை மற்ற பாதியில். 'இது நகல்' என்று ஒளிக்காமல் சொல்லிக்கொண்டு ஒருவன் நாலைந்து வருஷம் உழைத்து ஒரு செத்த காரை எழுப்புகிறானே, அவன் எழுப்புவது எதை?

இரும்பே அசல், மற்றதெல்லாம் வேஷம் என்பது ஒரு கட்சி. பார்வைக்குக் கண்டிப்பான கட்சி. ஆனால் டிராக் காரில் அது நிற்காது. ஒரு டிராக்ஸ்டர் என்பது ஒரு பொருளாக இருந்ததே இல்லை. எஞ்சின் வெடிக்கும், வேறு எஞ்சின் வரும். சட்டத்தை வெட்டி நீட்டுவார்கள். நீட்டியது ஒத்துவராவிட்டால் மறுபடி வெட்டுவார்கள். எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு வெறும் சட்டத்தை விற்பார்கள், வாங்கியவன் வேறு பெயர் எழுதிக்கொள்வான். ஃப்ளோரிடாக்காரரான டான் கார்லிட்ஸ் தன் கார்களுக்கு ஸ்வாம்ப் ராட், சதுப்பு எலி, என்று பெயர் வைத்து 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டே போனார். முப்பதைத் தாண்டிப் போனார். அவற்றில் ஒன்று, முப்பதாவது, 1987ல் ஸ்மித்ஸோனியனுக்குப் போயிற்று. எலி ஒன்றுதானா, முப்பதுக்கு மேற்பட்டவையா? எந்தச் சனிக்கிழமையின் இரும்பு அசல்? தன் காலத்திலேயே தன்னைத் தொடர்ந்து நகலெடுத்துக்கொண்டிருந்த ஒரு பொருளிடம் போய் மூலப்பிரதியைக் கேட்பது விவேகமில்லை.

அடுத்த கட்சி தோற்றத்தின் கட்சி. இவர்கள் பழைய புகைப்படங்களைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறவர்கள். எழுத்தின் சாய்வு, போல்ட்டின் தலை, டயரின் பெயர் எதிலும் பிசகு கூடாது. இந்தச் சிரத்தையை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் இங்கேதான் விஷயம் கையைவிட்டுப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அசல் காரில் ஒரு தகடு கோணலாக இருக்கும். மறுநாள் பந்தயம், நேரமில்லை, அகப்பட்ட தகட்டை அடித்துப் பொருத்தியிருப்பான். நகல்காரன் அதே கோணலை வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறான். அவசரத்தின் தழும்பு நிதானத்தின் வேலைப்பாடாகிவிடுகிறது. கவிதையில் இதை நாம் பார்த்திருக்கிறோம். ஒருவன் மூச்சுமுட்டி உடைத்த வரியை இன்னொருவன் அதே இடத்தில் அழகாக உடைக்கிறான்.

இதைக் கார்லிட்ஸின் கதையை வைத்தே சொல்கிறேன். 1970 வரை நைட்ரோ எரிக்கும் பெரிய டிராக்ஸ்டர்களில் எஞ்சின் முன்னால். ஓட்டுகிறவன் பின்அச்சுக்கும் பின்னால், கால்களை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு உட்காருவான். கவணில் வைத்த கல் மாதிரி உட்கார்ந்திருப்பதால் அந்த வகைக் காருக்கே கவண் என்று பொருள்படும்படி ஸ்லிங்ஷாட் என்று பெயர். கிளட்ச் வெடித்தாலும் கியர்ப்பெட்டி வெடித்தாலும் அவன் காலடியில்தான் வெடிக்கும். எஞ்சின் தீப்பிடித்தால் தீ அவன் முகத்துக்குத்தான் வரும். 1970 மார்ச் 8ந் தேதி லாங் பீச்சின் லயன்ஸ் தடத்தில், பதின்மூன்றாவது எலியில், கார்லிட்ஸின் கியர்ப்பெட்டி வெடித்தது. கார் இரண்டாக வெட்டுப்பட்டது. வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைப்பது பற்றி யோசித்தார். புதிய யோசனை அல்ல. முன்பே சிலர் செய்துபார்த்திருந்தார்கள், சரிவரவில்லை. அவருடைய காரும் ஆரம்பத்தில் நேராகப் போக மறுத்தது. மாதக்கணக்கில் தடுமாறி, கடைசியில் கண்டுபிடித்தது ஓர் அற்ப விஷயம். ஸ்டீயரிங் மிதமிஞ்சித் துடிப்பாக இருந்தது. அதன் விகிதத்தை மாற்றி மந்தமாக்கியதும் கார் நேராகப் போயிற்று. 1971ல் பொமோனாவில் ஜெயித்தார். சில வருஷங்களுக்குள் ஸ்லிங்ஷாட் டாப் ஃப்யூயல் பந்தயங்களைவிட்டே மறைந்துபோயிற்று.

இப்போது ஒருவர் அந்தப் பதினான்காவது எலியை அணு பிசகாமல் செய்கிறார் என்று வையுங்கள். ஸ்டீயரிங் சரியான விகிதத்தில் முதல் நாளே பொருத்தப்பட்டுவிடும். அவருக்கு விடை தெரியும். கார்லிட்ஸுக்குத் தெரியாது. அந்தக் காரின் ஒவ்வொரு குழாயும், தெரியாத ஒருவன் உயிரைப் பணயம் வைத்துக் கேட்ட கேள்வி. நகலில் அதே குழாய்கள் அதே இடத்தில் பதிலாக மட்டும் இருக்கின்றன. எல்லாவற்றையும் நகல் செய்துவிடலாம், தெரியாமையை நகல் செய்ய முடியாது. 1984ல் ஒகாலாவில் தன் மியூசியத்தைத் திறந்த கார்லிட்ஸ், தானே தன் கையாலேயே பழைய எலி ஒன்றை மறுபடி பற்றவைத்தாலும் இது மாறாது என்பது என் கட்சி. அதே கை, அதே பற்றவைப்பு. ஆனால் அந்தக் கைக்கு இப்போது தெரியும்.

இடையில் ஒன்று. அசல் முந்தியது, நகல் பிந்தியது என்ற வரிசைகூட எப்போதும் உண்மையல்ல. 1970ல் டான் ப்ரூதோம், டாம் மெக்யூவன் இருவரையும் மாட்டெல் பொம்மைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பாம்பு, கீரி என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். மஞ்சள் பாரகுடா ஒன்று, சிவப்பு டஸ்டர் ஒன்று. இரண்டின் மேலும் ஹாட் வீல்ஸ் என்று எழுத்து. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கார்களை விற்பதற்காகப் பெரிய கார்கள் ஓடின. கோடிக்கணக்கில் விற்ற பொம்மைகளுக்கு அந்தப் பெரிய கார்கள் விளம்பரத் தட்டி. பிற்பாடு ப்ரூதோம் அவற்றைத் தேடிப்பிடித்துப் புதுப்பித்தார். சிறுவயதில் பொம்மையை உருட்டியவர்கள், இன்று நரைத்த தலையோடு அந்தக் கார் முன்னால் நின்று, 'பொம்மையில் இருந்த மாதிரியே இருக்கிறது' என்று மெச்சினால் அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

தோற்றத்தின் கட்சிக்கு ஒரு தப்புவழி உண்டு: சத்தம். காலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஃபமோஸோ தடத்தில் காக்கிள்ஃபெஸ்ட் என்று ஒன்று நடத்தினார்கள். இப்போது பல இடங்களுக்கும் பரவிவிட்டது. பழைய ஸ்லிங்ஷாட்டுகள், புதுப்பித்தவையும் மறுபடி கட்டியவையுமாக, அந்த நாள் வழக்கப்படி பின்னாலிருந்து வண்டியால் தள்ளப்பட்டு உயிர்பெறுகின்றன. வரிசையாக நிறுத்தி நைட்ரோமீத்தேனை எரிக்கிறார்கள். இரவில் குழாய்களிலிருந்து ஜ்வாலை மேலே எழும்புகிறது. கண் எரிகிறது, நெஞ்சு அதிர்கிறது என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். ஒளிப்பதிவில் மட்டுமே பார்த்த எனக்கே ஏதோ செய்தது. ஆனால் கார்கள் ஓடுவதில்லை. கால் மைலுக்காக மட்டுமே உண்டாக்கப்பட்ட ஜந்து நின்ற இடத்தில் நின்று உறுமுகிறது. முதலில் பார்த்தபோது இது அவமானம் என்று நினைத்தேன். கூண்டுப் புலி என்றுகூட ஒரு குறிப்பு எழுதிவைத்தேன். அந்தக் குறிப்பை இப்போது அடித்துவிட்டேன்.

அடிக்கவைத்தது ஒரு கார். ஸர்ஃபர்ஸ் என்று மூன்று பேர்: ஸ்கின்னர், ஜோப், ஓட்டுநர் மைக் ஸொரோகின். மற்றவர்கள் நைட்ரோவை மெத்தனாலோடு கலந்து பயந்து பயந்து எரித்துக்கொண்டிருந்தபோது ஏறக்குறையக் கலப்பில்லாமலே எரித்தவர்கள். 1966ல் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஜெயித்தார்கள். 1967 டிசம்பர் 30ந் தேதி, ஆரஞ்ச் கௌண்டி தடத்தில், வேறு ஒரு காரில், கிளட்ச் வெடித்து ஸொரோகின் செத்துப்போனார். மகன் அப்போது சிறு குழந்தை. பல வருஷங்களுக்குப் பிறகு ஸர்ஃபர்ஸ் கார் மறுபடி எழுந்து காக்கிள்ஃபெஸ்டுக்கு வந்தபோது அதன் ஆசனத்தில் உட்கார்ந்தவர் அந்த மகன். பிற்காலத்தில் அவரும் பந்தய ஓட்டுநராகி, அப்பா ஜெயித்த அதே பேக்கர்ஸ்ஃபீல்டில் ஜெயித்தார்.

அந்த ஆசனத்தில் எந்தக் குழாய் பழையது, எந்தக் குழாய் புதியது என்று என்னால் கேட்க முடியவில்லை. விடை தெரிந்தவன் செய்யும் நகல் கேள்வியை இழந்துவிடுகிறது என்று மேலே சொன்னேன். அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இங்கே அந்த விடைதான், என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான், காரை நிற்கவைக்கிறது. ஓடாதே என்கிறது. அதை ஓட்டிக் காட்டச் சொல்லும் உரிமை, தள்ளி உட்கார்ந்து அசலுக்கு வாதாடும் எனக்குக் கிடையாது. நகல் என்பதற்குக் கொண்டுசெல்வது என்று பொருள் உண்டென்றால் அது ஏதோ ஒன்றைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிடம் சேர்த்திருக்கிறது.

மறுபடி முதல் புகைப்படத்துக்கு வருகிறேன். ஃப்ரெட் ஸ்டோனும் டிம் வுட்ஸும் கறுப்பர்கள். ஓட்டிய டக் குக் வெள்ளைக்காரர். அமெரிக்காவில் குடிமை உரிமைச் சட்டம் வந்தது 1964ல். அதே வருஷங்களில் இந்த மூன்று பெயர்கள் சேர்ந்து ஒரு காரின் பக்கவாட்டில், ஒரே எழுத்தில், ஒரே அளவில், ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. தட ஓரத்தில் நின்று பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது உறுத்தியிருக்கும், எத்தனை பேர் வேகத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காமல் கை தட்டியிருப்பார்கள் என்று இந்தக் கலங்கல் படத்திலிருந்து சொல்வதற்கில்லை. இரண்டாவது படத்தில் எழுத்து துல்லியமாக இருக்கிறது. 'வுட்ஸ்' என்பதன் கடைசி எழுத்தின் வளைவுகூட அப்படியே. அதை எழுதியவரைப் பார்த்தால் எஞ்சினைப் பற்றியோ வர்ணத்தைப் பற்றியோ கேட்கமாட்டேன். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிற பையன் இந்த மூன்று பேர் யார் என்று கேட்டால் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பேன்.