வெள்ளகவியும் மூன்று படங்களும்

கோடைக்கானலைப் பற்றித் தமிழில் எழுதினவர்களும் படம் எடுத்தவர்களும் பெரும்பாலும் பஸ் ஏறிப் போனவர்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்கு மலை ஒரு காட்சி. நடந்து போகிறவனுக்கு அது ஒரு காரியம். இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வெள்ளகவியை நினைத்துக்கொண்டால் போதும்.

வட்டக்கானலுக்குக் கீழே, டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி, கும்பக்கரைப் பக்கம் இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதையில் இருக்கிற சிற்றூர் அது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார் மேலே வீடு கட்டிக்கொண்ட பிறகுதான் கோடைக்கானல் கோடைவாச ஸ்தலமாயிற்று. மோட்டார் ரஸ்தா வந்தது முதல் உலக யுத்த காலத்தில். அதற்கு முன் மலையேறியவர்கள் எல்லாரும் காலையோ குதிரையையோ டோலி தூக்குகிறவர்களின் தோளையோ நம்பித்தான் ஏறினார்கள். வெள்ளகவித் தெருவில் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். வெளியூர்க்காரரும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும்.

இந்த ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு, சமீபத்தில் நான் ரஸித்த மூன்று படங்களைப் பற்றிச் சொல்ல ஆசை. மூன்றிலும் மலை இருக்கிறது. மூன்றிலும் இளையராஜாவின் இசையும் இருக்கிறது. அவர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர் என்பதும் நினைவிருக்கட்டும்.

முதலாவது, 1991 தீபாவளிக்கு வந்த ‘குணா’. சந்தான பாரதி டைரக்ட் செய்தது. மறுபடி பார்த்தபோதும் அதன் துணிச்சல் எனக்கு மங்கவில்லை. சித்தம் கலங்கியவனைக் கேலிப்பொருளாக்காமல், அவனுடைய பிரமைக்கும் ஒரு நியாயம் உண்டு என்று நம்மை ஏற்கச் செய்த படம். குகை அவனுக்குக் கர்ப்பக்கிருகம். ஆனால் மலை அவன் ஒருவனுக்காகவே ஏற்பட்டது போல இருக்கிறது. அங்கே பிழைக்கிற ஜனங்கள் கண்ணில் படுவதேயில்லை.

இரண்டாவது, 2024-ல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. சிதம்பரம் டைரக்ட் செய்த மலையாளப் படம். 2006-ல் அதே குகைக்கு வந்த கேரள இளைஞர்களில் ஒருவன் பள்ளத்தில் விழ, நண்பர்கள் மீட்ட உண்மைச் சம்பவம். வடமிழுக்கும் போட்டியில் தோற்கும் பையன்களை முதலில் காட்டிவிட்டு, கடைசியில் அதே கைகளில் கயிற்றைக் கொடுக்கிறார்கள். கதை கட்டுவது என்றால் இதுதான். ‘குணா’வில் காதலிக்காக எழுந்த பாட்டு இங்கே நண்பனுக்கானதாகிவிடுகிறது, பழைய பாட்டை இத்தனை அர்த்தத்தோடு மீண்டும் பயன்படுத்திய படம் வேறு எனக்கு நினைவில்லை. தமிழ்நாட்டு ரஸிகர்கள் மலையாளத்திலேயே பார்த்துக் கொண்டாடியது நியாயமான காரியம். ஒரு குறை: உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் பயமுறுத்துகிறவர்களாகவும் அதட்டுகிறவர்களாகவுமே வருகிறார்கள். அந்தப் பயத்துக்குப் பின்னால் எத்தனை அனுபவம் இருக்கும் என்று படம் கேட்கவில்லை.

மூன்றாவதுதான் என் மனத்தில் நிலைத்தது: லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, 2018. தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகக் காணி நிலம் வேண்டும். அவ்வளவுதான் கதை. வெகுநேரம் அவன் நடக்கிறான். வழியில் இருப்பவர்கள் அவனிடம் சேதி சொல்லி அனுப்புகிறார்கள். ‘கதை எப்போது தொடங்கும்?’ என்று பக்கத்து நாற்காலிக்காரர் பொறுமையிழக்கலாம். அந்த நடைதான் கதை. அதனால்தான் நிலத்துக்கான பணமாக வேண்டிய ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் உருளும்போது நம் நெஞ்சும் சேர்ந்து உருளுகிறது. கடைசியில், தன்னுடையதாக இருந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவற்காரனாக உட்காருகிறான். பிற்பகுதி சற்று அவசரப்படுகிறது. ஒரு வாழ்நாளின் வீழ்ச்சியைச் சில நிமிஷங்களில் சொல்லி முடிக்கிறது. ஆயினும் இதற்கு இணையாகச் சொல்லக்கூடிய தமிழ்ப் படங்கள் சொற்பம்.

நாவலிலும் இந்த இரண்டு பார்வை உண்டு. 1960-ல் ‘கல்கி’யில் வந்த நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மல’ரில் கோடைக்கானல் ஓர் உன்னத மனநிலைக்குப் பின்னணி. அரவிந்தனும் பூரணியும் அங்கே உலவுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை வைத்த பெற்றோர் பலர். பிற்பாடு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ 1963-ல் புத்தகமாயிற்று. நீலகிரிப் படகர்களின் நடுவே கதையை நிறுத்தி, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் பூவைக் கொண்டே தலைமுறைகளை அளக்கிறார். முன்னதில் குறிஞ்சி ஓர் உவமை, பின்னதில் பஞ்சாங்கம். முன்னதை இளமையில் நேசித்தவர்களும் பின்னதைத்தான் வயதான பிறகு திரும்ப எடுப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ரஸ்தா விஷயத்தில் மட்டும் லெனின் பாரதியோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு உண்டு. அவர் படத்தில் ரஸ்தா வந்ததும் சுமையாளின் பிழைப்புப் போகிறது. கடனும் பின்னோடு ஏறி வருகிறது. அது உண்மைதான். ஆனால் வெள்ளகவியில் நோயாளியையும் பிரசவ வேதனைப்படுகிறவளையும் டோலியில் கட்டிச் சுமந்த செய்திகளைப் பத்திரிகையில் பலமுறை படித்திருக்கிறோம். ரஸ்தா இல்லாத ஊரின் அழகைப் புகழ்வது, அன்று மாலையே கோடைக்கானல் ஓட்டலுக்குத் திரும்பிவிடுகிறவனுக்குச் சுலபம்.

ரஸ்தா வந்தும் நிலம் கையை விட்டுப் போகாத ஒரு ரங்கசாமியின் கதை தமிழில் இன்னும் வரவில்லை. வந்தால் முதல் நாளே பார்ப்பேன். புத்தகமானால் விலை கொடுத்து வாங்குவேன். அதுவரையில் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் மட்டும் பொறுமை வேண்டும். மூட்டை சுமக்கிறவன் அதைவிட அதிக நேரம் பொறுக்கிறான்.