பலகையில் சுட்ட படிகள்

சூடேறிய உலோக முனையால் பலகையில் கோடிழுக்கும் மரச்சூட்டோவியம், கணவனும் மனைவியும் அருகமர்ந்து பழகுவதற்கு மிகவும் உகந்த பொறுமைக் கலையாகும். மரம் வளர்ந்த திசையைக் காட்டும் ரேகைகள் மென்மையான இடத்தில் முனையை உள்வாங்கியும் இறுகிய இடத்தில் தடுத்தும் நிற்பதால், கையின் அழுத்தத்தைவிட முனை தங்கும் நேரமே பழுப்பின் ஆழத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஒரு கணம் தயங்கினாலும் கரும்புள்ளி விழும், விழுந்ததை எளிதில் அழிக்கவும் இயலாது.

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை இவ்வாறு தீட்ட முனையும் தம்பதியர், உப்புத்தாளால் பலகையை வழவழப்பாக்கி, மெல்லிய 'சுர்' ஒலியும் சுட்ட மரத்தின் மணமும் எழ மாறி மாறிக் கோடிழுக்கையில், இருவர் கைவாகும் வேறாதலால் படிகளின் நிறமும் சற்றே வேறுபடும். இயந்திரம் சுட்ட பலகையில் இந்த அழகு கிடைப்பதில்லை.