இறால் கணக்கு: மரக்காணமும் சிலாபமும்

இலங்கையின் சிலாபத்தில் இறால் வளர்க்கும் தூரத்து மைத்துனர் ஒருவர், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியிலுள்ள எங்கள் பெருமுக்கல்லுக்கு வந்திருந்தபோது, கழுவெளி உப்பங்கழிப் பக்கத்து இறால் குட்டைகளையெல்லாம் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்களிட்ட மெஷின் இருக்கு, கணக்கும் இருக்கு, கட்டுப்பாடுதான் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். விருந்தாளியோடு தர்க்கம் செய்வது எங்கள் ஊர்ச் சம்பிரதாயம் அன்று, ஆகவே எழுதுகிறேன்.

விஞ்ஞானத்தை வளர்ப்பவன் கைக்குக் கொண்டுவந்து சேர்த்த விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1987இல் தோன்றிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதன் பரிசோதனைக் குட்டைகள் நம் கடற்கரைச் சாலையிலேயே முட்டுக்காட்டில் இருக்கின்றன. 2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தபோது, அயல்நாட்டுத் தாய் இறாலைத் தனியே நிறுத்தி நோய் சோதிக்கும் நிலையம் நீலாங்கரையில்தான் அமைந்தது. வனாமி வளர்ப்போருக்கென்று மேற்படி நிறுவனம் கைபேசிச் செயலியும் வெளியிட்டது. விஜயவாடாவின் எருவாகா நிறுவனமோ, நீரின் பிராணவாயுவை அளந்து கைபேசிக்குச் சொல்லும் கருவியையும், தானே தீனி வீசும் இயந்திரத்தையும் செய்து கொடுத்தது.

இக்கருவிகளின் அருமை குட்டைக் கரையில் நின்றவர்க்கே தெரியும். தீனி போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் தீனியைச் சோதிக்கும் தட்டான செக்ட்ரேயைத் தூக்கி, மிச்சம் கிடக்கிறதா என்று துழாவி, ஓர் இறாலை வெயிலுக்கெதிரே பிடித்து, அதன் குடல் அறுபடாத கோடாக நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, அடுத்த வேளைத் தீனியைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்கிற அந்தச் சாமர்த்தியத்தில்தான், மொத்தச் செலவில் பாதிக்கு மேல் விழுங்கும் தீனிக் கணக்கு அடங்கியிருக்கிறது. விடியலுக்குச் சற்று முன்பு பிராணவாயு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், முன்பெல்லாம் இறால் கரையோரம் மேலே வந்து தவிப்பதைக் கண்ட பிறகே காற்றூட்டும் ஏரேட்டரைப் போட ஆள் ஓடுவான். இப்போது மீட்டர் முந்திக்கொள்கிறது.

சிலாபத்து விசேஷம் வேறு. மைத்துனர் விவரித்தபடி, நாம் குட்டை என்பது அங்கே குளம், உப்பங்கழி என்பது களப்பு. பெயர் மாறினாலும் நோய் மாறவில்லை. 1994இன் இறுதியில் நம் கரையைத் தாக்கிய வெள்ளைப்புள்ளி நோய், 1996இல் புத்தளம், சிலாபம் பக்கங்களைச் சூறையாடிற்று. பின்னாளில் அங்கே வடமேல் மாகாணக் குளங்களை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று அரசாங்க அதிகார சபையும் வளர்ப்போர் சங்கங்களும் கலந்து, பஞ்சாங்கம் போல் ஒரு நாட்காட்டி வகுத்தார்கள், நோய்க்கிருமி காணும் பீ.சி.ஆர். சோதனையில் தேறிய குஞ்சைத்தான் விட வேண்டும் என்றும் விதித்தார்கள்.

நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் களப்புகளை இணைத்து ஓடும் ஒல்லாந்தர் கால்வாயிலேயே நீர் எடுத்து அதிலேயே கழிவையும் விடுகிறவர்களுக்குக் கட்டுப்பாடு என்பது புண்ணியமா, வேறு வழியில்லாத நிர்ப்பந்தமா? நம் பக்கமும் வெறும் அராஜகம் அன்று: கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டமும், அச்சட்டப்படி பண்ணைகள் பதிவு செய்துகொள்ள வேண்டிய கடப்பாடும் இங்கே இருக்கின்றன.

கழுவெளியும் பலருக்குப் பொதுவான நீர்தானே என்று மைத்துனர் கேட்டிருந்தால் மட்டும் சற்றுச் சங்கடமாகியிருக்கும். ஒரு குட்டையின் நோய்ச் செய்தி அக்குட்டைக்காரர் கைபேசியோடு நின்றுவிட, அடுத்தவர் ஒன்றும் அறியாமல் அந்த நீரையே இறைத்துக்கொள்வதும் நடக்கிறது. எனினும், ஏரித் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சி, நீர் பங்கிடும் நீர்க்கட்டி மடை திறக்கும் நாளை ஊரே ஒப்புக்கொண்டு வாழ்ந்த தென்னார்க்காட்டு ஜனங்கள், அதே முறையை உவர்நீருக்கும் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தால், அதற்குச் சிலாபத்தாரிடம் போய் யோசனை கேட்க வேண்டியதில்லை.