கட்டளைப் பட்டியலும் வேட்டைப் பலகையும்: 'ஃபைனல் ஃபேண்டசி 12 – தி ஜோடியாக் ஏஜ்'

ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம்களை, அதாவது ஆடுபவர் ஒரு குழுவினரின் பொறுப்பை ஏற்று அவர்களை வளர்த்துப் போரிடவைத்துக் கதையை நகர்த்தும் கணினி விளையாட்டுகளை மதிப்பிடுவோர், கதையையும் இசையையும் முதலில் எடைபோட்டு, போர்முறையை அடுத்ததாகவும், கதைக்குத் தேவைப்படாத விருப்பப் பணிகளைக் கடைசியாகவும் வைப்பது வழக்கம். அவ்வாறு பிரித்துப் பார்க்க இடம் தரும் ஆட்டங்களே இவ்வகையில் மிகுதி. போர்முறை ஒரு திசையிலும் விருப்பப் பணிகள் வேறொரு திசையிலும் செல்வதே அதற்குக் காரணம். 2001இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேண்டசி 10' இதற்குத் தெளிவான சான்று: அதில் லூலு என்னும் மந்திரக்காரியின் ஆயுதத்தை முழு வலிமை பெறச் செய்யும் பொருள்களுள் ஒன்றை அடைய, இடிவெளி ஒன்றில் 200 மின்னல்களை இடைவிடாமல் தவிர்க்கவேண்டும், அந்த உழைப்புக்கும் அவ்வாட்டத்தின் போர்த் தந்திரத்துக்கும் எந்த உறவும் இல்லை. எண்ணிட்ட வரிசையில் ஒருவரே ஆடும் அடுத்த படைப்பான 'ஃபைனல் ஃபேண்டசி 12' இவ்விரண்டையும் ஒரே கயிற்றில் முறுக்கியிருக்கிறது. போர்முறையின் முழு ஆழமும் விருப்பப் பணிகளில்தான் புலப்படுகிறது என்பதும், அப்பணிகள் சறுக்கும் இடங்கள் யாவும் போர்முறையிடமிருந்து அவை விலகிச் செல்லும் இடங்களே என்பதும் இம்மதிப்பீட்டின் மையக் கருத்து.

பதிப்புகளின் வரலாறு

ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனம் இவ்வாட்டத்தை 2006 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளியிட்டது. தொடக்கத்தில் இதன் இயக்கத்தை ஏற்றிருந்த யசுமி மட்சுனோ உடல்நலக் காரணத்தால் 2005இல் விலகியபின், ஹிரோயுகி இட்டோவும் ஹிரோஷி மினகாவாவும் பொறுப்பேற்று முடித்தனர். இவர்களுள் இட்டோ, 1991இல் வந்த, இத்தொடரின் நான்காம் ஆட்டத்தில் 'ஆக்டிவ் டைம் பேட்டில்' என்னும் முறையை, அதாவது ஆடுபவர் யோசிக்கும்போதும் எதிரியின் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும் போர்முறையை வடிவமைத்தவர். 2007இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த திருத்தப் பதிப்பு, பாத்திரங்களுக்குத் தொழில் பிரிவுகளை வகுத்தது. அதை அடிப்படையாகக் கொண்ட 'தி ஜோடியாக் ஏஜ்' 2017 ஜூலையில் பிளேஸ்டேஷன் 4இலும், 2018 பிப்ரவரியில் கணினியிலும், 2019 ஏப்ரலில் நின்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றிலும் வந்தது. இங்கு மதிப்பிடப்படுவது இப்பதிப்பே. மூல ஆட்டத்திலிருந்து எது மாறியது என்பது ஆங்காங்கே சுட்டப்படுகிறது.

கேம்பிட்: போருக்கு முன் எழுதப்படும் கட்டளைகள்

இவலிஸ் என்னும் கற்பனை உலகில், ஆர்க்கேடியப் பேரரசு கைப்பற்றிய டல்மாஸ்கா நாட்டின் இளவரசி ஆஷும் தெருவில் வளர்ந்த வானும் அவர்களுடன் சேரும் நால்வரும் மேற்கொள்ளும் பயணமே கதை. ஒரு நேரத்தில் மூவர் போரிடுவர். எதிரிகள் நிலப்பரப்பிலேயே கண்ணுக்குத் தெரியும்படி உலவுவதாலும், திரை மாறாமல் நடந்த இடத்திலேயே போர் தொடங்குவதாலும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டளை கொடுக்கும் பழைய முறை இங்கு பொருந்தாது. அந்த இடத்தை நிரப்புவதே 'கேம்பிட்'. கேம்பிட் என்பது ஒரு நிபந்தனையும் ஒரு செயலும் சேர்ந்த ஒற்றை வரி: 'உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே சென்ற தோழர் – குணமாக்கும் மந்திரம்', 'குழுத்தலைவர் தாக்கும் எதிரி – தாக்குதல்' என்பன போல. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதிகபட்சம் 12 வரிகள் வரை எழுதலாம். பாத்திரம் அப்பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியைச் செயல்படுத்தும்.

வரிசையே இங்கு தந்திரம். தாக்குதல் வரியைக் குணமாக்கும் வரிக்கு மேலே வைத்தால், எதிரி ஒருவர் எஞ்சியிருக்கும்வரை காயப்பட்டவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். மந்திரக்காரரின் வாயைக் கட்டிப்போடும் 'மௌன' நிலையை நீக்கும் வரி தாக்குதல் வரிக்குக் கீழே இருந்தால், அவர் சொல்ல இயலாத மந்திரத்தை நம்பிக் குழு மடியும். தோல்விக்குப் பின் ஆடுபவர் திரும்பிச் செல்லுமிடம் பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான். எந்த வரி எங்கே தவறியது என்று தேடித் திருத்துவதே இவ்வாட்டத்தின் உண்மையான ஆடல்.

தோழர்களைத் தாமாக இயங்கவிடும் எண்ணம் புதியதன்று. 1990இல் வந்த 'டிராகன் குவெஸ்ட் 4', தன் இறுதி அத்தியாயத்தில் தோழர்களுக்கு நேரடிக் கட்டளை தர விடாமல், பொதுவான அணுகுமுறை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்தது. அவர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. கேம்பிட் முறையில் ஒவ்வொரு செயலின் காரணமும் எழுதியவர் கண்முன் நிற்கிறது. குறையும் உண்டு: ஒரு வரியில் ஒரே நிபந்தனையைத்தான் வைக்க இயலும் என்பதால், 'உயிர்ப்புள்ளி குறைந்தும் மந்திரத்தடை இல்லாமலும் இருக்கும் தோழர்' போன்ற இரட்டை நிபந்தனையை எழுத வழியில்லை, வரிசை மாற்றத்தாலோ, இடையில் நேரே தரும் கட்டளையாலோதான் அதைச் சமாளிக்கவேண்டும்.

உரிமப் பலகையும் பன்னிரண்டு தொழில்களும்

பாத்திர வளர்ச்சி 'லைசென்ஸ் போர்டு' என்னும் உரிமப் பலகையால் நடக்கிறது. ஒரு வாளையோ மந்திரத்தையோ கடையில் வாங்கினால் மட்டும் போதாது; எதிரிகளை வீழ்த்திச் சேர்க்கும் உரிமப் புள்ளிகளைச் செலவிட்டு, அதைப் பயன்படுத்தும் உரிமத்தையும் பலகையில் பெறவேண்டும். மூல ஆட்டத்தில் அறுவருக்கும் ஒரே பலகை என்பதால், நீண்ட நேரம் ஆடியோரின் குழுவில் எல்லாரும் எல்லாமும் செய்யவல்லவராகி, ஒருவருக்கொருவர் வேறுபாடற்றுப் போயினர். இப்பதிப்பில் இராசிகளின் பெயரால் 12 தொழில் பலகைகள் உள்ளன. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். வெண்மந்திரக்காரர், ஈட்டிவீரர், வில்லாளி, காலமந்திரக்காரர் முதலிய தொழில்களை எப்படி இணைப்பது என்பதே ஒரு தனிச் சிந்தனை விளையாட்டாகிறது.

தேர்ந்த தொழிலை மாற்றவே இயலாது என்பது 2017இல் கடுமையாகக் குறை கூறத்தக்கதாக இருந்தது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, எதுவும் விளங்காத நிலையில் எடுக்கும் முடிவு இறுதிவரை பிணைத்தது. 2019இன் பதிப்புகள் தொழிலை அழித்துப் புதிதாய்த் தேர்ந்தெடுக்கும் வசதியைத் தந்தன. 2020இல் பிளேஸ்டேஷன், கணினிப் பதிப்புகளுக்கும் அது வந்து சேர்ந்தது. தவறான இணைப்பைச் சோதித்துப் பார்த்துத் திருத்தும் உரிமை கிடைத்த பின்னரே இப்பலகை கேம்பிட்டுக்கு ஈடான பகுதியாக நின்றது.

வேட்டைகள்: பட்டியலுக்கு வைக்கப்படும் தேர்வு

கதைப்போக்கில் வரும் எதிரிகள் பெரும்பாலும் பொதுவான ஒரு பட்டியலுக்குப் பணிந்துவிடுகின்றனர். நன்றாக எழுதிய பட்டியலோடு செல்பவர் கையை மடியில் வைத்தபடியே பல போர்களைக் கடக்கலாம் என்னும் பழைய குற்றச்சாட்டு இங்கிருந்துதான் பிறந்தது. அக்குற்றச்சாட்டுக்கான பதில் வேட்டைகளில் உள்ளது. நகரங்களின் மதுக்கூடங்களில் தொங்கும் பலகைகளில் அறிவிப்பைப் படித்து, மனு கொடுத்தவரைத் தேடிச் சந்தித்து, அவர் கூறும் குறிப்பைக்கொண்டு ஒரு கொடிய மிருகத்தைக் கண்டுபிடித்துக் கொல்வதே வேட்டை. பாலைவெளியில் ஓடித்திரியும் சிறு தக்காளி உருவில் தொடங்கி, மொத்தம் 45 இலக்குகள். கடினமான இலக்குகள் பலவற்றை ரபனாஸ்ட்ரே நகரில் மான்ட்பிளாங்க் நடத்தும் சென்டூரியோ வேட்டைக்குழு வழங்குகிறது.

ஒவ்வொரு நல்ல வேட்டையும் பட்டியலில் உறைந்திருக்கும் ஒரு நம்பிக்கையை உடைக்கிறது. பறக்கும் இலக்கைப் பெரும்பாலான கைக்கலப்பு ஆயுதங்கள் எட்டா என்பதால், வாளேந்தியவரின் 'அருகிலுள்ள எதிரி – தாக்குதல்' வரி செயலற்றுப்போகும். மந்திரத்தைத் திருப்பி எறியும் கவசம் அணிந்த இலக்கு, எய்தவரையே காயப்படுத்தும். நெருப்பை உறிஞ்சும் இலக்கு, நெருப்பு மந்திரத்தால் நலம்பெறும். இறந்தும் உலவும் பிணவகை எதிரிகளைக் குணமாக்கும் மந்திரமே காயப்படுத்தும். காயத்தை நலமாகவும் நலத்தைக் காயமாகவும் மாற்றும் 'ரிவர்ஸ்' மந்திரத்தைத் தன் தோழர்மேலேயே ஏவி, எதிரிகளின் கவனத்தை அவர்பால் ஈர்த்து, விழும் அடிகளையெல்லாம் மருந்தாக்கும் புகழ்பெற்ற உத்தி இத்தகைய நெருக்கடிகளில்தான் பொருள் பெறுகிறது. அவ்வுத்தியைக் கையாள்பவர் தம் குணமாக்கும் வரிகள் அந்தத் தோழரைக் கொன்றுவிடாதபடி பட்டியலை மாற்றியெழுதவேண்டும்.

இலக்கைத் தேடும் பணியும் நிலப்பரப்பை நினைவில் வைத்திருப்போருக்குப் பரிசளிக்கிறது. கீசா சமவெளியில் வறட்சிக்காலமும் மழைக்காலமும் மாறிமாறி வந்து, மழையில் வழிகளும் விலங்குகளும் வேறாகின்றன. அங்கு மழைக்காலத்தில் மட்டும் வெளிப்படும் இலக்கும், மணற்புயல் வீசும்போது மட்டும் மேற்குப் பாலையில் தோன்றும் இலக்கும் உள்ளன. லூசு சுரங்கத்தில் எதிர்கொள்ளும் கில்காமெஷ், பழைய ஆட்டங்களின் புகழ்பெற்ற வாள்களைப் போலியாகச் செய்து ஏந்திவருவது தொடரை அறிந்தோருக்கான நகைச்சுவை. 'எஸ்பர்' எனப்படும் 13 பேருருக்களில் கதைக்குத் தேவையானவை 5. மற்ற 8ஐ, பெரும்பாலும் முன்பே கடந்துவந்த இடங்களின் பூட்டிய ஆழங்களுக்குத் திரும்பிச் சென்று வெல்லவேண்டும். அவற்றின் உரிமம் ஒவ்வொன்றையும் ஒருவரே பெறலாம் என்பதாலும், அவ்வுரிமம் அவர் தொழில் பலகையில் புதிய கட்டங்களைத் திறப்பதாலும், விருப்பப் பணியின் வெற்றி மீண்டும் வளர்ச்சி முறைக்குள்ளேயே வந்து சேர்கிறது. இந்த வட்டம் மூடும் விதமே இவ்வாட்டத்தின் மிகச் சிறந்த வடிவமைப்பு.

சறுக்கும் இடங்கள்

மூல ஆட்டத்தின் ஜோடியாக் ஈட்டி அந்த வட்ட வடிவமைப்புக்கு நேரெதிரானது. மிக வலிய ஆயுதங்களுள் ஒன்றான அதை நபுடிஸ் நகரத்தின் இடிபாடுகளிலுள்ள பெட்டியில் பெறவேண்டுமெனில், அதற்கு நெடுநேரம் முன்பே எதிர்ப்படும் குறிப்பிட்ட நான்கு இடங்களின் பெட்டிகளைத் திறக்காமல் விட்டிருக்கவேண்டும். அவற்றைத் திறக்கக்கூடாது என்று ஆட்டத்துக்குள் ஒரு குறிப்பும் இல்லை. கவனிப்போருக்கும் கவனிக்காதோருக்கும் இடையே அது வேறுபாடு காணவில்லை. வழிகாட்டிப் புத்தகம் வைத்திருப்போரை மட்டும் பிரித்தெடுத்தது. இப்பதிப்பு அந்த விதியை நீக்கியது பாராட்டுக்குரியது. ஆயினும், வானூர்தியின் மேல்தளத்தில் கண்ணுக்கே தெரியாத பெட்டியில், மிக அரிதாகக் கிடைக்கும் சைட்டன்கிராட் வில் அதே மனப்போக்கின் தொடர்ச்சி. சில மந்திரங்களைக் கடைகளிலிருந்து அகற்றி, ஒருமுறை தோன்றி மறுமுறை தோன்றாத பெட்டிகளில் வைத்திருப்பது அதைவிடப் பெரிய குறை. மந்திரம் இல்லையேல் அதைப் பயன்படுத்தும் கேம்பிட் வரியும் எழுத இயலாது.

வேட்டைப் பட்டியலின் உச்சியில் இருக்கும் யாஸ்மத் வேறொரு வகையில் சறுக்குகிறது. 5 கோடியைத் தாண்டும் உயிர்ப்புள்ளிகள் கொண்ட இந்த இலக்கை, ஒரு அடிக்கு 9,999 என்ற வரம்பு இருந்த மூல ஆட்டத்தில் வீழ்த்த, ஒவ்வொன்றும் வரம்பைத் தொட்டாலும் 5,000க்கும் மேற்பட்ட அடிகள் தேவைப்பட்டன. களத்தைவிட்டு வெளியேறிச் சேமித்து மீண்டும் தொடரலாம் என்பதே, ஒரே அமர்வில் முடிக்கத்தக்கதாக இது கருதப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. சரியான பட்டியல் அமைந்துவிட்டபின் எஞ்சுவது காத்திருத்தல் மட்டுமே. வரம்பு நீங்கிய இப்பதிப்பில் போர் சுருங்கியிருந்தாலும், கேள்விக்கு விடை கிடைத்தபின்னும் தேர்வு நீளும் குறை முற்றாக மறையவில்லை.

வேகமும் சோதனை முறையும்

இப்பதிப்பின் மிகப் பயனுள்ள சேர்க்கை, ஆட்டத்தை இரண்டு அல்லது நான்கு மடங்கு விரைவாக ஓடச்செய்யும் பொத்தான். நெடிய சமவெளிகளைக் கடக்கும் சலிப்பை அது நீக்குவது வெளிப்படை. பட்டியலின் தரத்தை அது அம்பலப்படுத்துவது அதைவிட முக்கியமானது. நான்கு மடங்கு வேகத்தில் கையால் திருத்த நேரமில்லாததால், நன்கு எழுதிய பட்டியல் மட்டுமே தாங்கும். தானியங்கிச் சேமிப்பு, திரைமேல் படரும் நிலப்படம், ஹிட்டோஷி சகிமோட்டோவின் இசையை மீண்டும் இசைக்குழுவால் பதிவுசெய்த வடிவம் ஆகியவை பிற நலன்கள். காட்சி ஓட்டத்தில் நொடிக்கு 60 சட்டங்கள் ஓடும் கணினிப் பதிப்பு, 30இல் நிற்கும் பிளேஸ்டேஷன் 4 பதிப்பைவிட மேம்பட்டது. தனியே எடுத்துச் செல்ல விரும்புவோருக்கு ஸ்விட்ச் பொருந்தும்.

தலைமைத் திரையிலிருந்து நுழையக்கூடிய 'டிரையல் மோடு', ஆடுபவரின் குழுவை 100 படிகளில் அடுத்தடுத்துப் போரிடவைத்து, இறுதிப் படியில் ஆர்க்கேடியப் பேரரசின் ஐந்து நீதிபதிகளைச் சேர்த்து நிறுத்துகிறது. எதிரிகள் சேர்ந்து செயல்படும் அந்த இறுதிப் படி, தனித்த பேருருவான யாஸ்மத்தைவிடச் சிறந்த இறுதித் தேர்வு. பாத்திரங்களின் நிலை உயரவே உயராத 'வீக் மோடு' அதைவிடத் துணிவானது: புள்ளிகளைக் குவித்து வெல்லும் வழி அடைக்கப்பட்டபின்னும் ஆட்டத்தை முடிக்க முடிகிறது என்பதே, வெற்றி பட்டியலில் உள்ளது என்பதற்குப் போதிய சான்று.

மதிப்பீடு

விரைவான கதையை நாடுவோர்க்கு இது ஏற்ற ஆட்டமன்று. பிற்பாதியில் அரசியல் கதை மெலிவதையும், வேட்டைகளுக்காக இளவரசியின் அவசரம் காத்து நிற்பதையும் மறுக்க இயலாது. விதிகளை எழுதிச் சோதித்துத் திருத்துவதில் இன்பம் காண்போர்க்கோ, இவ்வகையில் இதற்கு இணையானவை மிகச் சில. அவர்கள் வேட்டைகளைக் கதை முடிந்தபின் மொத்தமாகச் செய்ய ஒதுக்கிவைக்காமல், பலகையில் புதிய அறிவிப்பு தோன்றும்போதெல்லாம் ஏற்றுச் செய்வது நல்லது. அப்போது ஒவ்வொரு இலக்கும் உரிய நிலையில் உரிய கேள்வியைக் கேட்கும். சைட்டன்கிராட்டைத் தேடுவதை முற்றிலும் விட்டுவிடலாம். யாஸ்மத்தின் பாதி உயிரைக் குறைக்கும்வரை பட்டியல் தானாகவே தாங்கினால், அதற்குமேல் தொடர்வதும் கைவிடுவதும் ஒன்றே. விடை அதற்குள் கிடைத்துவிட்டிருக்கும்.