நாடா கேட்ட மரபு

கொல்லிமலையில் பணிபுரியும் செவிலியர்களுக்கும் மருத்துவ அலுவலர்களுக்கும் சிபிடி என்னும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் அறிமுக முகாம் நடத்த வேண்டும் என்பது நம் சங்கப் பெரியவர்களின் நெடுநாள் விருப்பம். அதையொட்டி வரும் இம்மலருக்கு நம் மரபுகளையும் தரத்தையும் பற்றி எழுதும்படி தலைவர் ஐயா பணித்தார்கள்.

சிபிடியில் எல்லிஸ் வழியினர் நோயாளியின் எண்ணத்தோடு வாதிடுவதும் பெக் வழியினர் கேள்வி கேட்டு நடத்திச் செல்வதும் நம்மவர் அறிந்ததே. நம் மூத்தோர் பலர் வோல்பியின் நடத்தைச் சிகிச்சையில் ஊறிய பிறகே பெக்கிடம் வந்தவர்கள். அச்ச நோய்களில் அவர்கள் கைக்கு நிகர் இன்றும் இல்லை. ஏற்பு, மனவிழிப்பு என்று பின்னால் கிளைத்தவற்றை இளையோர் எழுதட்டும்.

என் ஆசிரியர் பெக் வழி. 1979இல் வெளிவந்த மனச்சோர்வுச் சிகிச்சை நூல் அவர் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. நோயாளியின் சம்மதத்தோடு அமர்வைப் பதிவு செய்த நாடா இல்லாமல் போனால், அந்த நோயாளியைப் பற்றிப் பேசவே மாட்டார். சிகிச்சையாளரின் திறனை அளக்க யங்கும் பெக்கும் 1980இல் வகுத்த அளவுகோல்தான் அவருக்குச் சட்டம்: 11 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 66க்கு 40 எடுத்தால் தேர்ச்சி. மாணவர் அழகாகப் பேசிய இடத்தில்தான் நாடாவை நிறுத்துவார். நோயாளி தானே கண்டுகொள்ள வேண்டியதை நீ ஏன் சொன்னாய் என்று கேட்பார். போன வாரம் கொடுத்த வீட்டுப்பாடத்தை விசாரிக்காமல் அமர்வு தொடங்கியிருந்தால், மேற்கொண்டு கேட்கவே மாட்டார்.

இன்று அந்த ஒழுக்கம் எங்கே? யாரையும் சுட்டிச் சொல்வதாக எண்ண வேண்டாம். நல்ல உழைப்பாளிகள் நம்மிடையே நிறைய உண்டு. ஆனாலும் இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். நல்லதையே நினையுங்கள் என்று அரைமணி நேரம் அறிவுரை சொல்லி, அதற்குச் சிபிடி என்று பெயர் வைக்கிறார்கள். எண்ணப் பதிவேட்டை நகலெடுத்துக் கையில் திணிக்கிறார்கள். அடுத்த வாரம் அதைத் திறந்து பார்ப்பதில்லை. தன் அமர்வை இன்னொருவர் கேட்பதே அவமானமாகிவிட்டது. பிணி தீராத நோயாளி சிபிடியே பயனற்றது என்று ஊரெல்லாம் சொல்கிறார். பெக் 1960களில் தொடங்கி நூறு வயது வரை காத்த பெயர் இப்படித்தான் கெடுகிறது. இந்நிலை நீடித்தால் நம் தலைமுறையோடு இம்மரபே முடிந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

பட்டம் பெற்றவர்கள் கைவிட்டதைப் பட்டம் இல்லாதவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதியில் கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களே பிரசவ கால மனச்சோர்வுக்குச் சிபிடி முறையைக் கையாண்டார்கள். குழந்தையின் நலனை முன்வைத்துப் பேசினார்கள். எழுத்தறியாத தாய்மாருக்குப் படங்களைக் காட்டினார்கள். 2008இல் அதிஃப் ரஹ்மான் குழுவினர் வெளியிட்ட முடிவில், பிரசவமாகி ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் 23 விழுக்காடு. இச்சிகிச்சை பெறாத தாய்மாரில் 53. கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் பயிற்றுவித்த உள்ளூர் ஆலோசகர்கள், செயல்களைத் தூண்டும் முறையை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நடத்தினார்கள். அவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் பதிவை மற்றவர் கேட்டு மதிப்பெண் போட்டார்கள் என்று படித்தபோது என் ஆசிரியரை நினைத்துக் கண் கலங்கினேன்.

ஆகவே கொல்லிமலை முகாம் அறிமுகத்தோடு நின்றுவிடக் கூடாது. சாமை அறுவடையிலும் மிளகுக் கொடியிலும் நாள் கழிக்கும் பெண்ணுக்கு எழுதும் பதிவேடு உதவாது. செய்துவிட்டு வந்து வாய்மொழியாகச் சொல்ல ஒரு சிறு வேலை போதும். வாழவந்திநாட்டுச் செவிலியரின் பதிவை மாதம் ஒருநாள் செம்மேட்டில் கூடிக் கேட்க வேண்டும். அம்மலைவாழ் மலையாளி மக்களின் பேச்சுவழக்கு தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கூறுகளுக்கு மதிப்பெண் போடவே முடியாது. பதிவு கேட்கும் அந்தக் கூட்டத்துக்கு முதலில் நம் பெரியவர்கள் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் வருகிறேன்.