ஆடலும் அறிதலும்

சிறுவர் விளையாட்டைத் திறனாய்வுக்கு உட்படுத்துதல் தகுமோ எனச் சிலர் வினவலாம். கதையொன்றும், அதனால் உணர்த்தப்படும் அறமொன்றும் உடையது எதுவாயினும் அது ஆராய்தற்குரியதே. இலண்டன் ‘அஸ்டூ கேம்ஸ்’ நிறுவனம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ‘ஆல்பா’ என்னும் வீடியோ விளையாட்டு அத்தகையது.

மத்தியதரைக் கடல் தீவொன்றில் வாழும் தாத்தா பாட்டியிடம் விடுமுறைக்கு வருகிறாள் ஆல்பா என்னும் சிறுமி. அங்குள்ள வனவிலங்குக் காப்பகத்தில் ஹோட்டல் கட்ட முனைகின்றனர். அதனைத் தடுக்க அவளும் அவள் தோழியும் 50 கையொப்பங்கள் திரட்ட வேண்டும். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் எளிய ஆட்டம் இது. கொல்லுதல் இல்லை, தோல்வியும் இல்லை.

இதன் சிறப்பு யாது? ‘ஏதோ ஒரு பறவை’ என்று இதில் கடந்துவிட இயலாது. கைபேசியால் படம்பிடித்து, இன்ன பறவையென அறிந்த பின்னரே அது கணக்கில் சேரும். 60-க்கு மேற்பட்ட உயிரினங்கள் இவ்வாறு அறியப்படுகின்றன. விலங்கையும் மரத்தையும் பறவையையும் தொல்காப்பியர் கருப்பொருளாக வைத்த நெறி ஈண்டு நினையத்தக்கது. ஒரு நிலத்தை அறிதலாவது அந்நிலத்து உயிர்களைப் பெயரால் அறிதலேயாம்.

குறையும் உண்டு. சிதைந்த பாலமும் பறவைக்கூடும் ஆல்பாவின் கைபட்ட சிறிது நேரத்திலேயே சீராகின்றன. உண்மை வாழ்வு அவ்வாறன்று. பினாங்கின் தெலுக் பகாங்கில் சாலையைக் கடக்கும் ‘லோத்தோங்’ குரங்குகள் வாகனங்களில் அடிபட்டு மடிந்தன. அவற்றின்பொருட்டுப் பினாங்கு லங்கூர் திட்டத்தினர் 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் அமைத்தனர். கட்டியதோடு பணி முடிந்ததா? இல்லை. எவ்விலங்கு எப்பொழுது கடக்கிறதெனக் கேமரா வைத்துக் கண்காணிக்க வேண்டியிருந்தது. மனிதன் கட்டிய பாலத்தில் விலங்கு உடனே கால்வைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்த இடைக்காலத்துப் பொறுமையே பாதுகாப்புப் பணிக்கு உயிர்நாடி; அதனை ‘ஆல்பா’ கற்பிக்கவில்லை.

எனினும் இவ்விளையாட்டைத் தள்ளிவிடுதல் முறையன்று. கண்ணைத் திறந்துவிடுவது அதன் தொழில். காத்திருக்கக் கற்பிப்பது ஆசிரியர் தொழில். ஐரோப்பியப் பறவைகளின் பெயரைத் திரையில் கற்ற மாணவன், நாளை பள்ளிவேலியில் அமர்ந்த பறவையைக் காட்டி, “ஐயா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?” என்று கேட்பான். அவ்வினாவுக்கு விடைகூற நம் வகுப்பறைகள் ஆயத்தமாக உள்ளனவா என்பதே எஞ்சிய கேள்வி.