அணங்கும் அன்னையும்

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்தார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதல் மூன்றும் புறத்தேயிருந்து வருவன. நான்காவது அத்தகையதன்று, தம்மை ஆளும் உரிமை பெற்றாரிடமிருந்தே வருவது. பேய்ப் படங்களைப் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் தமிழாசிரியர்கள், இந்த நான்காவதை நினைவிற் கொண்டு அவற்றுட் சிலவற்றையேனும் பார்த்தல் நன்று. கருவுற்ற பெண்ணையும் தாயையும் நடுவில் நிறுத்தி எடுக்கப்பெற்ற படங்களில் திரையில் தோன்றுவது அணங்கு. ஆனால், அச்சுறுத்துவது பெரும்பாலும் இறையே.

மகப்பேற்றில் உயிர் நீத்தவள் பேயாகித் திரிவாள் என்னும் மலாய் மக்களின் பொந்தியானாக் கதையை இந்நாட்டில் அறியாதார் இலர். 1900-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மலாய் மாந்திரிகம்' என்னும் ஆங்கில நூலில் வால்டர் ஸ்கீட் இதனை விரித்துரைக்கிறார். அவர் கூற்றுப்படி தாயின் ஆவி லாங்சுயர். இறந்து பிறந்த மகவின் ஆவியே பொந்தியானாக். பிற்கால வழக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இறந்தவள் பேயாகாதிருக்க, அவள் வாயில் கண்ணாடி மணிகளை இடுவர். இரு அக்குளிலும் கோழி முட்டை வைப்பர். உள்ளங்கைகளில் ஊசி செருகுவர். வாய் திறந்து அலறாமலும், கை வீசிப் பறக்காமலும் இருத்தற்கே இத்தனையும். ஊர் அஞ்சியது அவள் சாவுக்கன்று, அவள் குரலுக்கு. தமிழ்நாட்டில் வயிற்றுச் சுமையோடு மாண்டவள் நினைவாக வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டனர். அங்கும் பேயச்சம் இல்லாமலில்லை. எனினும் அந்த அச்சம் பிறர்க்கு உதவும் கல்லாயிற்று.

ஸ்கீட் தரும் மற்றொரு செய்தி இன்னும் ஆழமானது. அப்பேயைப் பிடித்து, அவள் நகத்தையும் நீள்கூந்தலையும் வெட்டிப் பிடரியிலுள்ள துளையில் திணித்துவிட்டால், அவள் சாதாரணப் பெண்ணாகி விடுவாளாம். பல்லாண்டுகள் மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்தவர்களும் உண்டாம். ஊர் விழாவில் ஆட விட்டால் மட்டும் பழைய உருவெடுத்துக் காட்டிற்குப் பறந்துவிடுவாளாம்! திரைப்படங்கள் நகத்தையும் கூந்தலையும் விட்டுவிட்டு, பிடரியில் அடிக்கும் இரும்பு ஆணியை எடுத்துக்கொண்டன. ஆணி உள்ளவரை அழகி, நல்ல மனைவி, நல்ல தாய். ஆணி கழன்றால் பேய். இல்லறத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாக ஒரு கதை பேச முடியாது. அக்கடுமையை உணர்ந்து எடுக்கப்பெற்ற படங்கள் மிகச் சிலவே.

சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட 'பொந்தியானாக்' இவ்வகைக்கு வழிகாட்டி. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கினார், மரியா மெனாடோ நடித்தார். இதில் வியப்பு என்னவெனில், கதையின் வேராகிய மகப்பேற்றுச் சாவை இப்படம் விட்டுவிட்டது. கூன் விழுந்த சோமெல் மந்திரத்தால் அழகு பெறுகிறாள். இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது கட்டளை. பாம்பு தீண்டிய கணவன் நஞ்சை உறிஞ்சி எடுக்குமாறு வேண்டுகிறான். அவனைக் காக்கப் போய்ப் பேயாகிறாள். பிள்ளைப்பேற்றறையைக் காட்டத் துணியாத படம், கணவனுக்காகத் தன்னை இழத்தலை அவ்விடத்தில் வைத்தது. இதைக் குறை என்பதா, கூர்மை என்பதா? இரண்டுமே எனல் தகும். அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958-இல் 'சும்பா பொந்தியானாக்' எனத் தொடர்ந்தன. மூன்றாவதில் பேயை இயக்குவது மகள் மேலுள்ள பாசம். முதலிரண்டு படங்களின் பிரதிகள் இன்று இல்லை, எஞ்சியிருப்பது மூன்றாவதே. ஆதலால் சோமெல்லை இன்று காண விரும்புவோர்க்குக் கிடைப்பவள், பேயைக் காட்டிலும் தாயாகவே மிகுதியும் தோன்றுகிறாள்.

2004-இல் சுஹைமி பாபா இயக்கிய 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' கருவுற்ற நடனமங்கையின் கொலையைக் கதைக்குள் மீட்டுக் கொணர்ந்தது. இயக்கியவர் பெண். ஆட விட்டால் பறந்துவிடுவாள் என்ற பழங்கதையை அறிந்தோர்க்கு, நாயகி ஆடுபவளாயிருத்தல் சுவை பயக்கும். ஆயினும் பழிவாங்கல் படத்தை விரைவில் விழுங்கிவிடுகிறது. கரு ஒரு காரணமாக மட்டும் நின்றுவிடுகிறது.

இக்குறை சிறிதும் இல்லாதது அமெரிக்கப் படமாகிய 'ரோஸ்மேரியின் குழந்தை'. ஐரா லெவின் 1967-இல் எழுதிய நாவலை அடுத்த ஆண்டே ரோமன் பொலான்ஸ்கி படமாக்கினார். இதில் இரத்தம் குடிக்கும் உருவம் எதுவுமில்லை. நியூயார்க்கில் ஓர் அடுக்குவீடு. புகழுக்கு ஏங்கும் நடிகனாகிய கணவன். நாள்தோறும் மருந்துச் சாறு கொண்டுவரும் அண்டை வீட்டு மூதாட்டி. நூல்களைப் படிக்காதே, தோழியர் சொல்லைக் கேளாதே என்று பணிக்கும் பெரிய மருத்துவர். கருவுற்றவள் மாதக்கணக்கில் வலியால் மெலிகிறாள். வலிக்கிறது என்று அவள் சொல்லும்போதெல்லாம், இயல்புதான் என்று மற்றவர் சொல்கின்றனர். இறுதியில் இளைய மருத்துவர் ஒருவரிடம் ஓடி எல்லாவற்றையும் சொல்லி முறையிடுகிறாள். பரிவோடு கேட்டு அவளை இளைப்பாறச் செய்த அவர், கணவனையும் பெரிய மருத்துவரையும் வரவழைத்து அவர்களிடமே ஒப்படைக்கிறார். படத்தில் மிகக் கொடிய காட்சி இதுவே. சாத்தானின் வழிபாட்டுக் கூட்டமெல்லாம் இதற்குப் பின்தான் வைக்கத்தக்கது. வாயில் மணி இடவில்லை. கையில் ஊசி செருகவில்லை. அவள் பேச்சு மட்டும் செல்லாக்காசாகிவிட்டது.

முடிவைப் பற்றித் திறனாய்வாளர் இருவேறு வகையாகக் கொள்ளலாம். சாத்தானின் மகவு என்று அறிந்தும் தொட்டிலை அணுகி மெல்ல ஆட்டத் தொடங்குகிறாள் ரோஸ்மேரி. தாயன்பின் வெற்றி என்பர் சிலர். ஆனால், அவளை ஏமாற்றிய அதே கூட்டந்தான், தாயாக இரு என்று அவளை அழைக்கிறது; அவள் ஆட்டுவதைச் சூழ நின்று பார்க்கிறது. பிடரியில் ஆணி இறங்கும் இடம் இதுவே என்று கொள்வதுதான் படத்தின் போக்குக்குப் பொருந்தும். குழந்தையின் முகத்தைப் படம் தெளிவாகக் காட்டுவதில்லை. தொடக்கத்தில் ஒலித்த சொல்லில்லாத தாலாட்டே இறுதியிலும் ஒலிக்கிறது; பாடிய குரல் ரோஸ்மேரியாக நடித்த மியா ஃபாரோவுடையது.